படத்தில் விழாத கூலி

ஹன்னா கல்விக் தன் கைகளைப் பற்றிப் பெருமைப்பட்டவர். பெரிய கைகள், காய்ப்பு ஏறிச் சிவந்தவை. சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் அடுப்புக் கரி அள்ளி, வாசற்படி தேய்த்து, பூட்ஸ் துடைத்தே ஆயுளைக் கழித்தார். 1850களிலிருந்து அவர் பலமுறை ஸ்டூடியோவுக்குப் போய்ப் படத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் பாத்திரம் கழுவும் கோலம், இன்னொன்றில் சீமாட்டி வேடம், வேறொன்றில் ஆண் உடை. 1862-இல் எடுத்த படத்தில் உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு புகைபோக்கி துடைப்பவராகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் படங்களை எடுக்கச் சொன்னவர் ஆர்தர் மன்பி. வக்கீலுக்குப் படித்தவர், கவிதை எழுதியவர், அரசு ஊழியர். உழைக்கும் பெண்களின் உடம்பின் மீதும் கைகளின் மீதும் அவருக்குத் தீராத மோகம். ஹன்னாவை 1873-இல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் வெளியுலகுக்கு அவரை வேலைக்காரியாகவே காட்டினார். தினமும் என்னென்ன வேலை செய்தாய் என்று எழுதி அனுப்பும்படி ஹன்னாவைக் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். அந்த நாட்குறிப்புகளும் படங்களும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1950 வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது மன்பியின் நிபந்தனை. நாட்குறிப்பு 1984-இல்தான் புத்தகமாக வந்தது. எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தார், எந்த எஜமானி என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படத்தில் கரியும் கையும் மட்டும் இருக்கின்றன.

மன்பி சேகரித்தவற்றில் இன்னொரு வகை, விகன் ஊர் நிலக்கரிச் சுரங்கப் பெண்களின் படங்கள். 1842-இல் வந்த சட்டம் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதைத் தடுத்துவிட்டது. மேலே குழிவாயில் கரி சலிக்கும் வேலை மிச்சமிருந்தது. அந்த வேலைக்குக் கால்சட்டை போட்டுக்கொண்டார்கள். விக்டோரியா காலத்துக் கண்களுக்கு அது பெரிய அதிசயம். உள்ளூர் ஸ்டூடியோக்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டு, கையில் மண்வெட்டியும் சல்லடையும் கொடுத்து, வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து, சின்ன அட்டைகளாக விற்றார்கள். வாங்கினவர்கள் கால்சட்டைக்காக வாங்கினார்கள். அந்தப் பெண்களின் மேல்வேலைக்கும் தடை போட நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தபோது, 1887-இல் அவர்களே லண்டனுக்குப் போய் உள்துறை அமைச்சரிடம் முறையிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அட்டைப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அவர்கள் இப்படிக் கிளம்பக்கூடியவர்கள் என்று தோன்றியிருக்காது.

பெண் உழைப்பைப் பற்றிய பெண்ணியப் புகைப்படக் கலை என்றதும், வெல்டிங் வைக்கும் பெண், லாரி ஓட்டும் பெண், மூட்டை தூக்கும் பெண் என்று சில படங்கள் மனதில் வந்துவிடுகின்றன. ஆணுக்கு நிகராக அவளும் உழைக்கிறாள் பாருங்கள் என்பது அவற்றின் செய்தி. செய்தியில் தவறில்லை. ஆனால் உழைக்கும் பெண்ணைக் காட்டுவதற்குப் பெண்ணியம் வந்திருக்க வேண்டியதே இல்லை. கேமரா பிறந்த சில ஆண்டுகளிலேயே அது நடந்துவிட்டது. உடம்பும் கருவியும் படத்தில் சுலபமாக விழும். வேலை நேரம் விழாது. கூலி விழாது. ‘இப்படி நில்’ என்று சொன்னவர் விழமாட்டார். இந்த மூன்றையும் எப்படியாவது படத்துக்குள்ளோ, இயலாவிட்டால் பக்கத்திலோ கொண்டுவந்துவிடச் செய்த முயற்சிகளைத்தான் இந்தக் கலையின் உண்மையான வரலாறாக நான் படிக்கிறேன்.

கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாலே பார்வை மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வைட் தீவில் அவர் வீட்டில் மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் இருந்தார். கேமரன் அவரைத் திரும்பத் திரும்பக் கன்னி மரியாளாக உட்கார வைத்துப் படமெடுத்தார். முக்காடு, சாய்ந்த பார்வை, மடியில் குழந்தை. அழகான படங்கள். படம் முடிந்ததும் மேரி எழுந்துபோய்ச் செய்த வேலையின் தடம் ஒன்றிலும் இல்லை. 1875-இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது; அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் வீட்டுப் பணியாளர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். 1879-இல் இலங்கையிலேயே இறந்தார். அந்தப் படங்களில் முகங்களுக்குக் கம்பீரம் உண்டு, பெயர்கள் இல்லை. எடுத்தவர் முதலாளியம்மா, நின்றவர்கள் கூலிகள் என்ற உறவு அப்படியே இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து அதே இலங்கைத் தீவிலிருந்து அஞ்சலட்டைகள் ஏராளமாகப் புறப்பட்டன. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு புன்னகைக்கும் தமிழ்க் கொழுந்துப் பெண் அவற்றின் நாயகி. மலையகத்து லயன் காம்பிரா என்ற ஒற்றை அறை வரிசை வீடு அந்த அட்டைகளில் வராது. பெரட்டு என்ற ஆள்கணக்குக்குப் போகும் விடிகாலை வராது. மாலையில் தராசில் கொழுந்து நிறுக்கும்போது கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கழித்துக்கொள்ளும் எடையும் வராது. இன்றைக்கும் தேயிலைப் பொட்டலங்களின் மேல் அதே பெண் அதே இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைப்பைப் படமெடுப்பது சமூகச் சீர்திருத்தத்தின் கருவியானது. குழந்தைத் தொழிலாளர் பற்றி லூயிஸ் ஹைன் எடுத்த படங்கள் அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கின. நூற்பாலையில் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் அவருடைய சிறுமிகளை மறக்க முடியாது. அதே ஹைன் 1932-இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்போ ‘வேலையில் ஆண்கள்’. எஃகு உத்தரத்தில் தொங்கும் தொழிலாளி, இயந்திரத்தை முறுக்கும் புஜம். உழைப்புக்கு ஓர் உடம்பு உண்டென்றால் அது ஆண் உடம்பு என்று அந்தப் படங்கள் தீர்ப்பே சொல்லிவிட்டன. பெண் அந்தக் காலத்துப் படங்களில் பரிதாபத்துக்கு உரியவளாக வருகிறாள்.

டொரோதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ இதற்கு நல்ல சாட்சி. உலகிலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று. அதில் இருக்கும் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் ஒரு விவசாயக் கூலி. பட்டாணி பறிக்கும் ஆட்களின் முகாமில் தங்கியிருந்தவர். படத்தில் பட்டாணி இல்லை, வயல் இல்லை, வேலை இல்லை. தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, கன்னத்தில் ஊன்றிய கை. கூலிக்காரி தாயாகிவிட்டாள், மேரி ஹில்லியர் மரியாளான அதே வழியில். படத்தின் வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. பார்வைக்கு இடைஞ்சல் என்று லாங் பிற்பாடு அதை நெகட்டிவில் திருத்தி மறைத்தார். லாங்கின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்தச் சட்டகத்தில் எதையோ செய்துகொண்டிருந்தது அந்த ஒரு விரல்தான். படம் உலகம் சுற்றியது. தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று தாம்சன் 1970களின் இறுதியில் கசப்போடு சொன்னார்.

பிறகு போர் வந்தது. ஆண்கள் படைக்குப் போனார்கள். அமெரிக்க அரசுக்குப் பெண் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். அரசின் போர்ச் செய்தித் துறைக்காக ஆல்ஃபிரட் பாமர் கோடாக்ரோம் வண்ணத்தில் எடுத்த விமானத் தொழிற்சாலைப் பெண்களை இன்றும் எங்கும் பார்க்கலாம். கையில் துளையிடும் கருவி, உதட்டில் கச்சிதமான சாயம், வாரிச் சுருட்டிய கூந்தல், எங்கும் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை. வேலை செய்தாலும் பெண்மை போகாது என்று கணவர்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சொன்ன சமாதானம் அது. போரின் கடைசிக் கட்டத்தில் டேவிட் கோனோவர் என்ற ராணுவப் புகைப்படக்காரர் ஒரு தொழிற்சாலையில் இப்படி ஓர் அழகான தொழிலாளியைத் தேடிப் பிடித்தார். நார்மா ஜீன் என்ற அந்தப் பெண் சீக்கிரமே மர்லின் மன்றோ ஆனார். அந்த வகைப் படங்கள் கடைசியில் எதை நோக்கிப் போயின என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இதே காலத்தில், 1943 ஆகஸ்டில், லைஃப் இதழுக்காக மார்கரெட் போர்க்-வைட் இண்டியானா மாநிலத்து கேரி நகர எஃகு ஆலைப் பெண்களை எடுத்த படங்கள் வேறு ரகம். தடித்த கண்ணாடி, தீப்பொறி, அழுக்கு. இருந்தும் அவருக்குப் பிடித்தமானது இயந்திரத்தின் பிரம்மாண்டம். பெண்கள் அதன் அளவைக் காட்டவும் பயன்பட்டார்கள். போர் முடிந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பியதை யாரும் இப்படிப் பளபளவென்று படமெடுக்கவில்லை.

திருப்பம் 1970களில். அதுவும் ஒரே சமயத்தில் பல ஊர்களில். லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1975 டிசம்பர் வரை முதலாளிகளுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மேரி கெல்லி, மார்கரெட் ஹாரிசன், கே ஹன்ட் என்ற மூன்று கலைஞர்கள் தெற்கு லண்டனில் ஒரு தகரப் பெட்டித் தொழிற்சாலைக்குள் போனார்கள். 1973 தொடங்கி இரண்டு ஆண்டுகள், சுமார் 150 பெண் தொழிலாளர்களோடு வேலை. 1975-இல் தெற்கு லண்டன் கலைக்கூடத்தில் வைத்த கண்காட்சிக்கு ‘பெண்களும் வேலையும்: தொழிலில் உழைப்புப் பிரிவினை பற்றிய ஆவணம்’ என்று அலுவலகக் கோப்பு மாதிரி ஒரு தலைப்பு. உள்ளேயும் அப்படித்தான். தொழிலாளர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. அவற்றோடு வருகைப் பதிவு அட்டைகள், ஊதிய விவரம், அட்டவணைகள், ஒலிநாடா, வேலையைக் காட்டும் படச்சுருள்கள். ஆண் தொழிலாளர்களும் பெண் தொழிலாளர்களும் தங்கள் ஒரு நாளை மணிவாரியாகச் சொன்னதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெண்களின் தாளில் ஆலைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு முழு வேலைநாள் ஒளிந்திருந்தது: சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, கடை, துவைப்பது. கேமரா கொண்டுவர முடியாத ஒன்றைத் தட்டச்சுத் தாள் கொண்டுவந்துவிட்டது.

கண்காட்சிக்கு வந்த கலைரசிகர்கள் முகம் சுளித்திருப்பார்கள். கலைக்கூடத்தில் போய்க் கணக்குப் புத்தகம் படிக்க யாருக்குப் பிடிக்கும்? எனக்கு அந்த வறட்சிதான் பிடித்திருக்கிறது. ஒரு கையின் அழகான படத்தைப் பார்த்து உருகிவிட்டு வெளியே போகும் வாய்ப்பை அது பார்வையாளருக்குக் கொடுக்கவில்லை.

அதே நகரத்தின் வடகிழக்கில் ஹாக்னி ஃப்ளாஷர்ஸ் என்ற குழு 1974-இல் உருவானது. உள்ளூர்த் தொழிற்சங்க மன்றத்தின் 75ஆம் ஆண்டு விழாவுக்கு ஒரு கண்காட்சி வேண்டியிருந்தது. சங்கத்தின் வரலாறோ முழுக்க ஆண்களின் வரலாறு. பெண்கள் செய்யும் வேலைகளைப் படமெடுத்து ‘பெண்களும் வேலையும்’ என்று 1975-இல் நகர மன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். தையல், அலுவலகம், சமையல்கூடம், துப்புரவு. முடித்த பிறகு அவர்களுக்கே திருப்தி இல்லை. பெண் வேலை செய்வதைக் காட்டியாயிற்று. அவள் ஏன் இந்த வேலையில், ஏன் இந்தச் சம்பளத்தில் என்பதைக் காட்டினோமா? அடுத்த கண்காட்சியில், 1978-இல், ‘குழந்தையை யார் வைத்திருப்பது?’ என்று குழந்தைக் காப்பகங்கள் இல்லாத நிலைமையை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை வெறும் புகைப்படத்தை நம்பவில்லை. விளம்பரங்களை வெட்டி ஒட்டினார்கள், கார்ட்டூன் வரைந்தார்கள், வாசகம் எழுதினார்கள், புள்ளிவிவரம் சேர்த்தார்கள். பெரிய பலகைகளை ஊர் ஊராக எடுத்துப்போகும்படி செய்தார்கள். படங்களின் கீழே தனித்தனிப் பெயர்கள் கிடையாது. குழுவின் பெயர் மட்டும்.

அந்தக் குழுவில் இருந்த ஜோ ஸ்பென்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிலாளர் வர்க்கத்துக் குடும்பத்தில் பிறந்து, கடைத்தெரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களும் குழந்தைப் படங்களும் எடுத்துப் பிழைத்தவர். ‘குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்’ என்று 1979-இல் அவர் செய்த படைப்பு எளிமையான ஒரு கவனிப்பிலிருந்து கிளம்புகிறது: குடும்ப ஆல்பத்தில் யாரும் வேலை செய்வதில்லை. விடுமுறை, பிறந்தநாள், திருமணம் எல்லாம் இருக்கும். அம்மா துணி துவைக்கும் படம் இருக்காது. நம் வீட்டு ஆல்பங்களையும் புரட்டலாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு. பந்திப் படத்தில் சாப்பிடுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தேங்காய் துருவிய சித்தி எங்கே?

அட்லாண்டிக்கின் மறுகரையில் மியர்ல் லேடர்மேன் யூக்கலீஸ் குழந்தை பெற்ற பிறகு சிற்பம் செய்ய நேரம் கிடைக்காத எரிச்சலில் 1969-இல் ஓர் அறிக்கை எழுதினார். வீட்டைத் துடைப்பது, குழந்தையைக் கழுவுவது எல்லாமே இனி என் கலை என்பது அதன் சாரம். 1973-இல் ஹார்ட்ஃபோர்ட் நகர வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தின் வாசற்படிகளைப் பார்வையாளர்கள் ஏறி இறங்கும்போதே மண்டியிட்டுக் கழுவினார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போது ஹன்னா கழுவிய படிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அவருடைய அடுத்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1976-இல் நியூயார்க்கின் வானளாவிய கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்த முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரு திட்டம். அவர்களை வேலை நேரத்தில் உடனடிப் படம் தரும் போலராய்டு கேமராவில் எடுப்பார். படம் கையிலேயே வந்துவிடும். ‘இப்போது நீங்கள் செய்தது கலையா, வேலையா?’ என்று கேட்பார். அவர்கள் சொன்ன பெயரையே படத்தின் மேல் ஒட்டுவார். நூற்றுக்கணக்கான படங்கள் சுவரில் ஏறின. சிலர் கலை என்றார்கள், சிலர் வேலைதான் என்றார்கள். படத்துக்குத் தலைப்பு வைக்கும் உரிமை அதில் இருப்பவரிடம் போனது. 1979-80-இல் நகரின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களிடமும் நேரில் போய்க் கைகுலுக்கி நன்றி சொன்னார். அவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். வீட்டுக்குள் பெண் செய்யும் அதே வேலையைத் தெருவில் செய்கிற ஆணும் அதே அலட்சியத்தைத்தான் சம்பாதிக்கிறான் என்று அவர் கண்டுகொண்டார். பாலினப் பாகுபாட்டை இவ்வளவு நடைமுறையாக அவிழ்த்த வேறு படைப்பை நான் பார்த்ததில்லை.

வியன்னாவில் பாதை வேறு. பிர்கிட் யூர்கன்சென் 1975-இல் ஓர் அடுப்பையே ஏப்ரன் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் பக்கவாட்டிலும் காவல்துறைக் குற்றவாளிப் படம் மாதிரி தன்னைப் படமெடுத்தார். அடுப்பின் வாயிலிருந்து ரொட்டி எட்டிப்பார்க்கிறது. கரின் மாக் அதே ஆண்டில் இஸ்திரிப் பலகையை வைத்து ஒரு படத்தொடர் செய்தார். அதில் இஸ்திரி போடும் பெண் கடைசியில் பலகையின் மீதே பிணம்போலப் படுத்துவிடுகிறாள். குத்தலான படங்கள், சிரிப்பும் வரும். இந்தப் படங்களின் பெண் யார் என்று மட்டும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சொந்த அடுப்பு, சொந்தப் பலகை, சொந்த வீடு உள்ள குடும்பத்தலைவி. அடுத்தவர் வீட்டு அடுப்பைத் துடைக்கிறவள் இதில் எங்கே?

இந்தக் கேள்வியைக் கறுப்பினக் கலைஞர்கள் கேட்டார்கள். கேரி மே வீம்ஸ் 1990-இல் முடித்த ‘சமையலறை மேசை’ தொடரில் ஒரே மேசை, மேலே தொங்கும் ஒரே விளக்கு, வீம்ஸே நடிக்கும் ஒரு பெண். காதலன், தோழிகள், மகள், தனிமை. அந்தச் சமையலறை அவளுடையது. அங்கே அவள் யாருக்கும் ஊழியம் செய்யவில்லை. கறுப்புப் பெண்ணை வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அதுவே ஒரு பதில். தென்னாப்பிரிக்காவின் ஸனேலே முஹோலி இன்னும் நேராகப் போகிறார். அவருடைய தாய் பெஸ்டர் 42 ஆண்டுகள் வெள்ளையர் குடும்பம் ஒன்றில் வீட்டு வேலை செய்தவர். 2008-இல் தொடங்கிய ஒரு தொடரில் முஹோலி தானே வேலைக்காரி உடை போட்டுக்கொண்டு கேமரா முன் நின்றார். 2015-இன் ‘பெஸ்டர் 1’ படத்தில் துணி மாட்டும் கிளிப்புகள் தலையில் கிரீடமாகவும் காதில் தோடாகவும் இருக்கின்றன. நிறத்தை இன்னும் கறுப்பாக்கி அச்சிட்ட முகம், நேரே பார்க்கும் கண்கள். ஹன்னாவும் கரி பூசிக்கொண்டுதான் உட்கார்ந்தார். வேடம் ஒன்றேபோலத் தோன்றினாலும், ஒன்றில் பூசச் சொன்னவர் வெளியே நின்றார். மற்றதில் முடிவெடுப்பவரே உள்ளே இருக்கிறார்.

லடோயா ரூபி ஃப்ரேசியர் பென்சில்வேனியாவின் பிராடக் ஊர்க்காரர். கார்னெகியின் எஃகு சாம்ராஜ்யம் தொடங்கிய ஊர். ஆலைகள் சுருங்கிய பிறகு கறுப்பினக் குடும்பங்களும் நோய்களும் எஞ்சிய ஊர். பாட்டி, அம்மா, தான் என்று மூன்று தலைமுறையை அவர் படமெடுத்த ‘குடும்பம் என்ற எண்ணம்’ 2014-இல் புத்தகமானது. பல படங்கள் அம்மாவோடு சேர்ந்து எடுத்தவை. அம்மாவும் கேமராவை வாங்கி மகளை எடுக்கிறார். 1943-இல் போர்க்-வைட் எடுத்த எஃகுப் பெண்களின் பேத்திகளை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால், இந்தப் புத்தகத்தைத்தான் கைகாட்டுவேன்.

இந்தியாவில் கணக்கு இன்னொரு விதமாகச் சிக்கலாகிறது, ஏனென்றால் இங்கே வேலையைப் பாலினம் மட்டும் பங்கிடுவதில்லை, சாதியும் பங்கிடுகிறது. காலனி அரசு அதைக் கேமராவால் பதிவும் செய்தது. வாட்சனும் கேயும் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ நூலில் மனிதர்கள் சாதியின், தொழிலின் மாதிரிகளாக நிற்கிறார்கள். பெங்களூரில் கலைஞர்கள் புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை செய்த ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்’ தொடர் இந்தக் கண்ணைக் கேலி செய்கிறது. ரவிவர்மா லட்சுமி, காவல் நிலையப் படம், உடம்பை அளக்கும் கட்டங்களுக்கு முன் நிற்கும் பழங்குடிப் பெண், பழைய தமிழ்ப் படத்து ஜெயலலிதா என்று எல்லா வேடத்திலும் புஷ்பமாலாவே. படம் எடுக்கும் ஏற்பாடுகளையும் அவர்கள் சேர்த்தே காட்சிக்கு வைத்தார்கள்: திரையைப் பிடித்திருக்கும் ஆட்கள், விளக்கு, ஒப்பனை. பெண் என்ற காட்சியை உற்பத்தி செய்யும் பட்டறை வெளியே தெரிகிறது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் ‘கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்ணுக்குத் தெரியாத பெண்கள்’ வேறு திசை. 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் அவர் எடுத்த படங்கள். செங்கல் சூளை, நாற்று நடவு, கல் உடைப்பு, சாணம் தட்டுவது, தலைச்சுமை. ஒரு பலகை முழுக்கக் குனிவைப் பற்றியது: பெருக்கக் குனிவு, நடக் குனிவு, களை எடுக்கக் குனிவு. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணப் படங்கள். சேர்த்து வைத்ததும் ஒரு முதுகெலும்பின் கதையாகிவிடுகிறது. எடுத்தவர் ஆண். இதைப் பெண்ணியப் புகைப்படம் என்று சொல்லலாமா என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அவற்றைப் பேருந்து நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் விவசாயக் கூலிகளின் கூட்டங்களிலும் மாட்டிவைத்தார் என்பதுதான் எனக்குப் பொருட்டு. படத்தில் இருக்கிற மாதிரியான பெண்களே நின்று பார்த்தார்கள். கலைக்கூடத்தின் குளிர்சாதன அறைக்கு அந்தப் பார்வையாளர் வரமாட்டார்.

வங்கதேசத்தின் தஸ்லிமா அக்தர் ஒரே சமயத்தில் புகைப்படக் கலைஞரும் ஆயத்த ஆடைத் தொழிலாளர் இயக்கத்தின் அமைப்பாளரும். ஆடைத் தொழிலாளர் பெண்களின் அறைகள், அடுப்பு, போராட்டம், தடியடி என்று பல ஆண்டுகளாகப் படமெடுத்து வந்தார். உலகம் அவரைக் கவனித்தது 2013 ஏப்ரலில். சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாட்டுக்குள் ஒருவரையொருவர் அணைத்தபடி கிடந்த ஓர் ஆணையும் பெண்ணையும் அவர் எடுத்த படம் எங்கும் பரவியது. உயிரோடு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்களின் படங்களை வாங்காத பத்திரிகைகள் இதை வாங்கின. பிற்பாடு அவர் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் நினைவுகளைச் சேகரித்தார். சட்டத்துக்கும் இழப்பீட்டுக்கும் போராடினார். ஒரு படம் பிரபலமானதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்காத புகைப்படக்காரர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமாரின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. மதுரைப் பக்கத்து ஜவஹர்லால்புரத்துக்காரர். மீன் விற்று வளர்த்த அம்மாவின் மகன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பதை அவர் எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. படகில் போய், மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து இடுப்புப் பையில் போடுகிறார்கள். பாறை வெட்டாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். அவரும் அவர்களோடு தண்ணீருக்குள் இறங்கி எடுத்திருக்கிறார். கடல் என்றால் ஆண், கரை என்றால் பெண் என்று நெய்தல் நிலத்தைப் பற்றி நாம் காலங்காலமாகச் சொல்லிவந்ததை அந்த நீரடிப் படங்கள் ஒரே வீச்சில் தள்ளிவிடுகின்றன. கரையிலிருந்து பார்த்திருந்தால் தலை மட்டுமே தெரிந்திருக்கும்.

இப்போதைய போக்கு ஒன்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிப்பதைத் தலைகீழாக்கிக் காட்டும் படத்தொடர்கள் இணையத்தில் நிறைய வருகின்றன. ஆண்கள் ஆதிக்கம் செலுத்தும் தொழில்களில் இருக்கும் பெண்களை வீரர்களைப்போல ஒளியூட்டி எடுத்த அமெரிக்கரான கிறிஸ் கிரிஸ்மனின் தொகுப்பு 2020-இல் வந்தது. மறுபக்கம் ஸ்வீடனின் யோஹான் பேவ்மன், ஆறு மாதமாவது விடுப்பு எடுத்துக் குழந்தையோடு வீட்டிலிருக்கும் அப்பாக்களை எடுத்தார். அந்த நாட்டில் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு உண்டு. ஆண்கள் எடுத்துக்கொண்டது குறைவு. பேவ்மனின் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஒரு கையில் வாக்குவம் கிளீனரும் முதுகில் குழந்தையுமாகத் தடுமாறும் அப்பாக்களிடம் வேடிக்கையும் உண்மையும் உண்டு. ஆனால் பிள்ளை தூக்கும் ஆண் கேமராவுக்குச் செய்தியாவதும், அதையே செய்யும் பெண் ஆகாததும், அந்தப் படங்கள் உடைக்க நினைக்கும் பாகுபாட்டின் மிச்சம்தான். வீரப் பெண் படங்களுக்கும் இதே கதி. விதிவிலக்கைக் கொண்டாடும்போது விதி வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88. இந்த எண்களை ஒரு படமாக எடுத்துக் காட்டு என்றால் எந்தக் கலைஞரும் திணறுவார்.

திணறட்டும், அங்கேதான் வேலை இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. கதவு வழியாக வெயில் சாய்ந்து விழும், மடியில் பீடித்தட்டு, இலை, தூள், நூல், குனிந்த முகம். வீட்டுத் திண்ணையும் தொழிற்சாலையும் ஒன்றேயாகிப்போன இடம் அது. பிள்ளைக்குச் சோறு கொடுத்துக்கொண்டே சுற்றுவாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சுற்றுவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை குறையாமலிருக்க வீட்டிலிருக்கிற பெண் பிள்ளைகளும் கிழவிகளும் கைகொடுப்பார்கள், பாஸ் புத்தகத்தில் இருப்பதோ ஒரே பெயர். கடையில் சரியில்லை என்று கழித்துப்போடும் பீடிக்குக் கூலி இல்லை. சாய்ந்த வெயிலும் குனிந்த முகமுமாக இதுவரை வந்த படங்கள் போதும். அந்தப் பாஸ் புத்தகத்தின் பக்கங்களை, கழித்தது உட்பட, படத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவில் அச்சிட்டு, ஊர்ப் பீடிக்கடை வாசலில் மாட்டுகிற ஒரு கண்காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. படமெடுக்கத் தெரிந்த பெண்கள் அந்த ஊர்களில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது.